விலைக்குப் பக்கத்தில் கரியமிலக் கணக்கு: நம் மாவட்டத்துக் கியூஎஸ் அலுவலகங்கள் எங்கிருந்து தொடங்குவது?

கல்குளத்து அளவையர் (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். நாகர்கோவிலில் பன்னிரண்டு பேர் வேலை செய்யும் ஒரு கட்டுமானச் செலவு மதிப்பீட்டு அலுவலகத்தில் இருக்கிறேன். வெளிநாட்டுக் கியூஎஸ் (கட்டுமான அளவையும் செலவையும் கணக்கிடும்) நிறுவனங்கள் அனுப்பும் வரைபடங்களில் அளவெடுத்து பி.ஓ.கியூ என்ற வேலை அளவுப் பட்டியல் தயாரித்துக் கொடுப்பது எங்கள் வேலையில் முக்கால் பங்கு. மீதி, உள்ளூர் வீடுகளுக்கும் கல்யாண மண்டபங்களுக்கும் பள்ளிக் கட்டடங்களுக்கும் போடுகிற எஸ்டிமேட்.

எங்களுக்கு வேலை தரும் இங்கிலாந்து நிறுவனம் ஒன்று இப்போது ஒவ்வொரு உருப்படிக்கும் விலையோடு கரியமில அளவையும், அதாவது அதனால் வெளியாகும் கரியமில வாயுவின் எடையையும், சேர்த்துத் தரும்படி கேட்கிறது. ஆர்.ஐ.சி.எஸ். என்ற அளவையர் தொழில் அமைப்பின் முழு ஆயுள் கரியமில மதிப்பீட்டு நெறிமுறையின் இரண்டாம் பதிப்பு 2023-இல் வெளிவந்து 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டது. அதற்கு முன்பே, 2021 நவம்பரில் வந்த ஐ.சி.எம்.எஸ். என்ற பன்னாட்டுச் செலவு வகைப்பாட்டுத் தரத்தின் மூன்றாம் பதிப்பு, செலவையும் கரியமிலத்தையும் ஒரே தலைப்புகளின் கீழ் அடுக்கச் சொல்லியிருந்தது. ஆகவே இது இனிமேல் வந்து போகிற கோரிக்கை அல்ல என்றே எண்ணுகிறேன்.

வெளிநாட்டு வேலைக்கு அவர்களே வாய்பாடு தந்துவிடுகிறார்கள். அதே முறையை உள்ளூர்ப் பள்ளிக் கட்டடம் ஒன்றில் நாங்களாக முயன்றபோதுதான் இடறினோம். பி.ஓ.கியூவில் உள்ள அளவை எடுத்து, ஒரு கிலோவுக்கு இவ்வளவு கரியமிலம் என்ற எண்ணால் பெருக்கினோம். அப்படி வந்த தொகை, ரெவிட் மென்பொருளில் செய்த கட்டட மாதிரியிலிருந்து நேரடியாக வந்த தொகையோடு ஒத்துப்போகவில்லை. பூச்சு வேலையிலும் சுவரிலும் வேறுபாடு அதிகமாக இருக்கிறது. எந்த அளவை நம்புவது? இந்தக் கணக்கை உள்ளூர் வீட்டுக்காரருக்கும் பயன்படும்படி செய்ய முடியுமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்ல வேண்டும்.

பழைய எம்-புக்

தம்பி, முப்பத்து நான்கு ஆண்டுகள் எம்-புக் என்ற அளவுப் புத்தகத்தில் அளவு எழுதிக் கையெழுத்திட்டவன் என்ற உரிமையில் சொல்கிறேன். நீங்கள் ஒப்பிடுகிற இரண்டு அளவுகளும் தவறானவை அல்ல, ஆனால் அவை வெவ்வேறு காரியத்துக்காகப் பிறந்தவை. பி.ஓ.கியூவில் இருப்பது கூலியும் பணமும் கொடுப்பதற்காக ஐ.எஸ். 1200 என்ற இந்திய அளவை விதிப்படி எடுத்த அளவு. சுவரில் உண்மையில் ஏறிய கலவையின் அளவாக அதை எடுத்துக்கொண்டதுதான் பிழை.

பூச்சு வேலையையே பாருங்கள். அரை சதுர மீட்டர் வரையுள்ள திறப்புகளை (ஜன்னல், கதவு போன்றவை) அளவிலிருந்து கழிப்பதே இல்லை. அரை முதல் மூன்று சதுர மீட்டர் வரையுள்ள திறப்புகளுக்கு, இரு பக்கமும் பூசியிருந்தால், ஒரு பக்கத்தை மட்டும் கழிக்கிறோம். மறுபக்கத்தைக் கழிக்காமல் விடுவது, ஜன்னலின் ஓரங்களையும் அடிப்பகுதியையும் பூசுகிற வேலைக்கு ஈடாக. மூன்று சதுர மீட்டருக்கு மேல் போனால்தான் இரண்டு பக்கத்தையும் கழித்து ஓரங்களைத் தனியே அளந்து சேர்க்கிறோம். 1.2 மீட்டருக்கு 1.2 மீட்டர் ஜன்னலில் ஒரு பக்கம் 1.44 சதுர மீட்டர். சுற்றளவு 4.8 மீட்டர், நிலை போக ஓரத்தில் 15 சென்டிமீட்டர் பூச்சு என்று வைத்தால் 0.72 சதுர மீட்டர். அதாவது கழிக்காமல் விட்டதில் பாதிதான் உண்மையான பூச்சு. நாற்பது ஜன்னல் உள்ள பள்ளியில் 28.8 சதுர மீட்டர் பூச்சு காகிதத்தில் மட்டும் இருக்கும்.

இதைக் கேட்டு, அளவை விதியே பழையது, தூக்கி எறியலாம் என்று யாரும் முடிவு செய்துவிடக் கூடாது. ஓரம் பிடிக்கிற கொத்தனாருக்குச் சமதளச் சுவரைவிட நேரம் கூடுதலாகப் பிடிக்கும். அந்த உழைப்புக்கான கூலி அந்த விதிக்குள் இருக்கிறது. கான்கிரீட்டிலும் கம்பி அடைத்துக்கொள்ளும் இடத்தை நாம் கழிப்பதில்லை. ஒரு கன மீட்டரில் 100 கிலோ கம்பி இருந்தால் அது சுமார் 1.3 விழுக்காடு இடம். அதைக் கழித்துக்கொண்டிருப்பது வீண் வேலை. பணம் கொடுக்கும் அளவு தாளில் ஒரு பத்தியிலும் (காலம்), பொருள் அளவு இன்னொரு பத்தியிலும் இருக்கட்டும். கரியமிலத்தைப் பொருள் அளவோடு மட்டும் பெருக்குங்கள்.

தக்கலை மாதிரி வரைஞர்

ஐயா சொன்னது பூச்சுக்கு முழுவதும் பொருந்தும். சுவரில் உள்ள வேறுபாட்டுக்குக் காரணம் பெரும்பாலும் மாதிரியில்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். நான் வீட்டிலிருந்தே ரெவிட் மாதிரி செய்து கொடுக்கிறவள். கட்டடக் கலைஞர் அனுப்பும் மாதிரியில் சுவரைத் தளத்திலிருந்து மேல்தளம் வரை ஒரே இழுப்பில் இழுத்திருப்பார்கள். தளத்துக்குத் தளம் 3 மீட்டர் இருந்து, அந்தச் சுவரின் மேல் 45 சென்டிமீட்டர் ஆழமுள்ள பீம் ஓடினால், உண்மையான சுவர் 2.55 மீட்டர்தான். பீமோடு சுவரை இணைத்து வெட்டாமல் விட்டால், அந்தச் சுவரின் உயரத்தில் 15 விழுக்காடு செங்கல் இல்லாத இடத்தில் செங்கலாகக் கணக்கில் ஏறிவிடும். பார்வைக்குப் படம் அழகாகவே இருக்கும். பட்டியலை எடுத்தால்தான் தெரியும்.

இதைவிடக் கவலை தருவது கம்பி. எனக்கு வரும் பத்து மாதிரிகளில் ஒன்றில்கூட முழுமையாகக் கம்பி வரைந்திருக்க மாட்டார்கள். மாதிரியில் இல்லாத பொருளை மென்பொருள் எண்ணிக் காட்டாது. ஆகவே கரியமில அறிக்கையில் எஃகு மிகக் குறைவாகத் தெரிந்தால் மகிழ்ச்சி அடைய வேண்டாம், கட்டமைப்புப் பொறியாளரின் கம்பி அட்டவணையை வாங்கி, மில்லிமீட்டரில் உள்ள கம்பி விட்டத்தின் வர்க்கத்தை 162-ஆல் வகுத்து மீட்டருக்கு எத்தனை கிலோ என்று கையால் போட்டுச் சேர்க்க வேண்டும். 12 மில்லிமீட்டர் கம்பிக்கு 0.89 கிலோ. மேற்பொருத்தும் வெட்டுத் துண்டும் அதற்கு மேல். மாதிரி வந்த அன்றே இந்த இரண்டையும் சரிபார்ப்பதை எங்கள் வீட்டு மேசையில் ஒரு வழக்கமாகவே வைத்திருக்கிறேன்.

தோஹாவிலிருந்து மார்த்தாண்டத்தான்

அளவையர் தம்பிக்கும் தக்கலைத் தங்கைக்கும் வணக்கம். வளைகுடாவில் பதினெட்டு ஆண்டுகள் செலவு மேலாண்மையில் இருந்துவிட்டு இப்போதுதான் ஊர் திரும்பும் ஏற்பாட்டில் இருக்கிறேன். துபாய் மாநகராட்சி 2014 முதல் பெரிய கட்டடங்களுக்குப் பிம் என்ற கணினிக் கட்டட மாதிரியைக் கட்டாயமாக்கியது. அபுதாபியில் எஸ்டிடாமா முத்துத் தரவரிசை என்ற பசுமைக் கட்டட மதிப்பீடு 2010-இலேயே வந்தது. இவற்றோடு வேலை செய்த அனுபவத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

அளவு சரியாக இருக்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் ஒப்பந்தப் புள்ளி கோரும் நேரத்தில் 600 வரி பி.ஓ.கியூவுக்கு எதிரே கரியமில எண்ணை எழுதிக் கொடுத்தால், அது முடிந்துபோன தீர்மானங்களுக்கு எழுதும் கணக்காகத்தான் இருக்கும். தூண்களுக்கு இடையே எத்தனை மீட்டர், தளம் எவ்வளவு கனம், கீழே ஒரு வாகன நிறுத்தத் தளம் வேண்டுமா, முகப்பில் எத்தனை சதுர மீட்டர் கண்ணாடி என்பவையெல்லாம் முதல் இரண்டு மூன்று கூட்டங்களிலேயே முடிவாகிவிடும். அந்தக் கூட்டங்களில் விலை சொல்வதற்காக உட்கார்ந்திருப்பவர் யார்? கியூஎஸ்தான். அந்த நாற்காலியில் இருந்துகொண்டு, இந்தத் தேர்வுக்கு இத்தனை ரூபாய், இத்தனை டன் என்று ஒரே மூச்சில் சொல்லக்கூடியவர் வேறு யாரும் இல்லை.

அந்த நிலையில் 600 வரி தேவையே இல்லை. கான்கிரீட், கம்பி, செங்கல் அல்லது பிளாக், அலுமினியம், கண்ணாடி, தரை ஓடு ஆகியவற்றைப் பிடித்தாலே பெரும்பகுதி வந்துவிடும். அலுமினியத்தைச் சிறிய உருப்படி என்று விட்டுவிடாதீர்கள். தாதுவிலிருந்து எடுக்கும் ஒரு கிலோ அலுமினியத்துக்கு உருக்காலையில் மட்டும் 13 முதல் 15 யூனிட் மின்சாரம் செலவாகும்; பழைய அலுமினியத்தை உருக்கி எடுத்தால் அதில் இருபதில் ஒரு பங்கு ஆற்றல் போதும். ஒரே ஜன்னல் சட்டம், இரண்டு வகையில் வாங்கலாம், விலைப்பட்டியலில் வேறுபாடே தெரியாது.

குலசேகரம் ஒப்பந்ததாரர்

நான் கட்டுகிறவன், கணக்கு எழுதுகிறவன் அல்ல. இருந்தாலும் இந்த இழையைத் தொடக்கத்திலிருந்து வாசித்தேன், சொல்ல வேண்டியது இருக்கிறது.

நம் ஊரில் வீடு கட்டுகிறவர் கேட்பது, சதுர அடிக்கு எவ்வளவு, பால்காய்ப்பு எப்போது என்ற இரண்டைத்தான். அவரிடம் கரியமிலம் என்றால் கேட்டுக்கொள்வார், ஆனால் ஒரு ரூபாய் கூடினாலும் ஒத்துக்கொள்ள மாட்டார். கரியமிலத்தைக் குறைக்க, அனல்மின் நிலையச் சாம்பல் கலந்த பி.பி.சி. சிமெண்ட் போடச் சொல்வீர்கள். பூச்சுக்கும் கட்டுக்கும் நாங்கள் அதைத்தான் போடுகிறோம். மேல்தளக் கான்கிரீட்டுக்குச் சாம்பல் கலக்காத 53 கிரேடு சாதாரண சிமெண்ட் கேட்பதற்குக் காரணம் பிடிவாதம் அல்ல. சாதாரண சிமெண்ட் என்றால் 4.5 மீட்டர் வரையுள்ள தளத்துக்கு ஏழு நாளில் முட்டு பிரிக்கலாம் என்று விதியிலேயே இருக்கிறது, பி.பி.சி. என்றால் இன்னும் சில நாள் விட வேண்டும். சென்ட்ரிங் தகடும் முட்டும் நாள் வாடகை. நீராற்றுவதும் ஏழு நாளுக்குப் பதில் பத்து நாள். இடவப்பாதி மழை (தென்மேற்குப் பருவமழை) தொடங்கும் முன் தளம் போட்டுவிட வேண்டும் என்று ஓடுகிற எனக்கு அந்த நாட்கள் பெரிய கணக்கு.

இரண்டு பருவமழையும் பெய்கிற மாவட்டம் இது. எங்கோ உட்கார்ந்து மென்பொருளில் போட்டு அனுப்புகிற எஸ்டிமேட்டில் அந்த மாதங்களுக்கு என்று எதுவும் இருப்பதில்லை. சென்ற ஆண்டு அப்படி ஒரு எஸ்டிமேட்டை நம்பி வேலை எடுத்து, அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டிய குழியில் மூன்று முறை தண்ணீர் இறைத்தேன். அந்தச் செலவும் டீசலும் என் கையிலிருந்து போனது. இறைத்த டீசலுக்கும் கரியமிலம் உண்டு அல்லவா? அதை எந்தப் பத்தியில் எழுதுவீர்கள்?

கல்குளத்து அளவையர்

அண்ணாச்சி, உங்கள் கேள்விக்கு நேராகவே பதில் சொல்கிறேன். பொருள் உற்பத்தி வரை ஏ1 முதல் ஏ3, வேலை நடக்கும் இடத்துக்குக் கொண்டுவருவது ஏ4, கட்டும்போது ஆகும் எரிபொருளும் சேதாரமும் ஏ5 என்று ஆர்.ஐ.சி.எஸ். நெறிமுறை பிரிக்கிறது. உங்கள் டீசல் ஏ5-இல் வர வேண்டும். நாங்கள் அதைப் பூச்சியமாக விட்டிருந்தோம் என்பதை ஒத்துக்கொள்கிறேன். நீங்கள் கேட்டிருக்காவிட்டால் அது பூச்சியமாகவே போயிருக்கும்.

பி.பி.சி. பற்றிச் சொன்னதை வைத்து நேற்று ஒரு கணக்குப் போட்டேன். 1000 சதுர அடி வீட்டுக்குச் சதுர அடிக்கு 0.4 மூட்டை என்ற வழக்கமான கணக்கில் 400 மூட்டை, அதாவது 20 டன் சிமெண்ட். சாதாரண சிமெண்டில் கிலோவுக்குச் சுமார் 0.9 கிலோ கரியமில வாயு என்று வைத்தால் 18 டன். எல்லாவற்றுக்கும் 30 விழுக்காடு சாம்பல் கலந்த சிமெண்டைப் போட்டால் சுமார் 13 டன். ஐந்து டன் வேறுபாடு ஒரே வீட்டில், சிமெண்ட் மூட்டையின் விலை கூடாமலே. கூடுவது நீங்கள் சொன்ன சென்ட்ரிங் வாடகையும் நீராற்றும் கூலியும்தான். ஆகவே அவற்றை மறைக்காமல் எஸ்டிமேட்டில் தனி வரியாக எழுதி, அதன் எதிரே குறையும் டன்னையும் எழுதினால், வீட்டுக்காரர் எதைத் தேர்ந்தாலும் தெரிந்து தேர்வார், ஒப்பந்ததாரர் கையைச் சுட்டுக்கொள்ள மாட்டார்.

இந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது என்று எங்கள் அலுவலகப் பிள்ளைகள் கேட்டார்கள். நூறு கிலோ சுத்தமான சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால் 56 கிலோ சுண்ணாம்பு நிற்கும், 44 கிலோ கரியமில வாயுவாகப் போய்விடும். சூளையை எந்த எரிபொருளால் எரித்தாலும் இந்த 44 கிலோவைத் தடுக்க முடியாது. சிமெண்டில் கிளிங்கர் (சுண்ணாம்புக்கல்லைச் சூளையில் சுட்டுக் கிடைக்கும் மூலப்பொருள்) குறைந்தால்தான் அது குறையும். தூத்துக்குடி அனல்மின் நிலையத்தின் சாம்பல் நமக்கு எட்டும் தூரத்தில் இருக்கும்போது இதைக் கணக்கில் காட்டாமல் விடுவது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

வெட்டுக்கல்

கட்டடக் கலைஞர் என்ற முறையில் இரண்டு நாட்களாக இந்த இழையைப் படித்துவருகிறேன். எல்லோரும் கட்டி முடிக்கும் நாள் வரை மட்டுமே பேசுகிறீர்கள். அது போதாது.

பதினான்கு ஆண்டுகளுக்கு முன் முட்டத்துக்கு அருகே கடலிலிருந்து சில நூறு அடி தொலைவில் ஒரு வீட்டுக்கு வரைபடம் கொடுத்தேன். எஸ்டிமேட் போட்டவர்கள் செலவைக் குறைக்க எம்20 வலிமைத் தரக் கான்கிரீட்டும் கம்பிக்கு மேல் 20 மில்லிமீட்டர் கான்கிரீட் மறைப்பும் போதும் என்று எழுதினார்கள். நானும் எதிர்க்கவில்லை, இன்றுவரை அது என்னை உறுத்துகிறது. சென்ற மாசி மாதம் அந்த வீட்டுக்காரம்மா அழைத்துக் காட்டினார்கள். சமையலறைத் தளத்தின் அடிப்பகுதி பாளம் பாளமாக விழுந்திருந்தது. விரலால் தொட்ட இடத்தில் கம்பி துருத்தூளாகக் கையோடு வந்தது. தொட்டிலுக்கு மாட்டிய கொக்கி இருந்த இடத்தில் கொக்கியே இல்லை, பழுப்புக் கறை மட்டும் இருந்தது.

ஐ.எஸ். 456 என்ற இந்தியக் கான்கிரீட் விதி கடலோரக் காற்றுக்கு நேரே நிற்கும் கான்கிரீட்டைக் கடுமையான சூழல் என்றே வகைப்படுத்துகிறது. அதற்கு எம்30, குறைந்தது கன மீட்டருக்கு 320 கிலோ சிமெண்ட், 45 மில்லிமீட்டர் மறைப்பு. நாங்கள் போட்டது உள்நாட்டு இதமான சூழலுக்குரியது. அதற்கு 300 கிலோ. முப்பது கன மீட்டர் கான்கிரீட் உள்ள வீட்டில், குறைந்தபட்ச அளவுகளை மட்டும் ஒப்பிட்டால், வேறுபாடு 600 கிலோ, அதாவது 12 மூட்டை. இப்போது அந்தத் தளத்தை இடித்துத் திரும்பப் போட வேண்டும். நூறு சதுர மீட்டர், 125 மில்லிமீட்டர் கனம், 12.5 கன மீட்டர்; அதற்கு மட்டும் 80 மூட்டை, கம்பி வேறு, இடிபாட்டை ஏற்றிப் போகும் லாரி வேறு. கட்டிய அன்று கரியமிலக் கணக்கு எழுதியிருந்தால் எங்கள் வீடுதான் குறைவானது என்று காட்டியிருக்கும்.

ஆகவே அளவையர் தம்பி, உங்கள் தாளில் ஆயுள் என்று ஒரு பத்தி கட்டாயம் வேண்டும். குளச்சலுக்கும் குலசேகரத்துக்கும் ஒரே எண்ணைப் போடாதீர்கள். கடலோரத்துக்கு இரும்பு ஆலைக் கசடு கலந்த சிமெண்டைப் பரிசீலியுங்கள். உப்பு உள்ளே இறங்குவதை அது தாமதப்படுத்தும், கிளிங்கரும் குறையும். உள்நாட்டில் வெட்டுக்கல் (செம்புரைக்கல்) கிடைக்கும் ஊர்களில் அதையும், செங்கலில் நடுவே வெற்றிடம் விட்டுக் கட்டும் எலிப்பொறிக் கட்டையும் ஒரு மாற்றாக விலை போட்டுக் காட்டுங்கள். கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் திருவனந்தபுரத்தில் அந்தக் கட்டுமுறையைப் பரவலாகக் கையாண்டார். செங்கலில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு மிச்சமாகும். மாற்றை விலையோடு காட்டாவிட்டால் வீட்டுக்காரர் கேட்கவே வழியில்லை.

பழைய எம்-புக்

வெட்டுக்கல் சொன்ன எண்கள் சரியானவை. கம்பிக்கு மறைப்பு கிடைக்க அடியில் வைக்கும் மறைப்புக் கட்டை என்ற கவர் பிளாக்கை எந்த எஸ்டிமேட்டிலும் தனி உருப்படியாக நான் எழுதியதில்லை என்பது இப்போது நினைவுக்கு வருகிறது. எழுதியிருந்தால் வாங்கியிருப்பார்கள். எழுதாததால் உடைந்த ஓட்டுத் துண்டை வைத்தார்கள்.

அருமனை வாசகர்

என் கருத்து சற்று வேறு. எங்கள் அலுவலகத்தில் வரைபடங்களை அச்சிடுவதை நிறுத்தித் திரையிலேயே அளவெடுக்கிறோம், பாதிப் பேர் வீட்டிலிருந்து வேலை செய்கிறார்கள். இதுவும் நிலைத்தன்மைதானே? இதை யாரும் குறிப்பிடவில்லையே.

தோஹாவிலிருந்து மார்த்தாண்டத்தான்

நல்ல பழக்கம், தொடருங்கள். ஆனால் நிறுவனத்தின் ஆண்டறிக்கையில் அதை மட்டும் எழுதிவிட்டு நின்றுவிடக் கூடாது. நூறு சதுர மீட்டர் தளம் ஒன்றைக் கட்டமைப்புப் பொறியாளரோடு பேசி 150 மில்லிமீட்டரிலிருந்து 125-க்குக் குறைக்க முடிந்தால் 2.5 கன மீட்டர் கான்கிரீட், 320 கிலோ வீதம் 16 மூட்டை சிமெண்ட், 700 கிலோவுக்கு மேல் கரியமில வாயு மிச்சம். ஒரு சிறிய அலுவலகம் அச்சிடாமல் விடும் தாள்கள் இதற்கு அருகில்கூட வருவது கடினம். நம் அலுவலகத்தின் மின்கட்டணத்தைவிட நம் மேசையைத் தாண்டிப் போகும் அளவுகள்தான் பெரியவை.

அளவையர் தம்பிக்கு இன்னொன்று. வெளிநாட்டுத் தரவுத்தளத்தின் எண்களை அப்படியே எடுக்காதீர்கள். இங்கிலாந்தில் ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சுமார் 0.2 கிலோ, இங்கே சுமார் 0.7 கிலோ. மின்சாரத்தால் உருவாகும் பொருள் எதுவானாலும் எண் மாறிவிடும். உலக வங்கிக் குழுமத்தின் ஐ.எஃப்.சி. 2017-இல் இந்தியக் கட்டுமானப் பொருட்களுக்கென்றே ஒரு தரவுத்தளம் வெளியிட்டது, அதிலிருந்து தொடங்குங்கள். ஒவ்வொரு எண்ணுக்கு எதிரேயும் அது எங்கிருந்து வந்தது, எந்த ஆண்டினது என்று எழுதிவையுங்கள். விலைக்குக் கொட்டேஷன் சீட்டு வைப்பதில்லையா, அதுபோல.

கல்குளத்து அளவையர்

எல்லோருக்கும் நன்றி. இன்று காலை அலுவலகத்தில் கூடிப் பேசி, அந்தப் பள்ளிக் கட்டடத்தின் எக்செல் தாளைத் திரும்ப அமைத்தோம். பணம் கொடுக்கும் அளவு, பொருள் அளவு, சேதாரம், லாரி தூரம், கரியமிலம், எதிர்பார்க்கும் ஆயுள் என்று ஒவ்வொரு உருப்படிக்கும் பத்திகள். முதல் கட்டமாகப் பதினொரு உருப்படிகளுக்கு மட்டும் இதைச் செய்கிறோம். மழைக்காலத் தண்ணீர் இறைப்புக்குத் தனி வரி. கவர் பிளாக்குக்கும் தனி வரி, ஐயா. மாதிரியைத் தக்கலைச் சகோதரி சரிபார்த்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

எங்களிடம் இல்லாதது ஒன்றே ஒன்று. வேலை நடக்கும் இடத்துக்கு உண்மையில் எவ்வளவு பொருள் வந்தது என்ற கணக்கு. எஸ்டிமேட் அளவுக்கும் வந்து இறங்கிய அளவுக்கும் உள்ள இடைவெளி தெரியாமல் சேதாரப் பத்தியை ஊகத்தில்தான் நிரப்ப வேண்டும். குலசேகரம் அண்ணாச்சி, நீங்கள் முடித்த ஏதேனும் ஒரு வேலையின் லோடு கணக்கு கிடைக்குமா?

குலசேகரம் ஒப்பந்ததாரர்

தருகிறேன். திருவட்டாறு அருகே சென்ற தை மாதம் முடித்த வீட்டின் எடைச்சீட்டுகள் முழுவதும் என்னிடம் இருக்கின்றன, சிமெண்ட், கம்பி, சல்லி, எம்-சாண்ட் எல்லாம் தேதிவாரியாக. எம்-சாண்டை மட்டும் கவனமாக எடுங்கள்: சில லோடு யூனிட் கணக்கில் வந்தது, சில லோடு டன் கணக்கில் வந்தது. ஒரு யூனிட் என்பது நூறு கன அடி, சுமார் 2.83 கன மீட்டர். ஐப்பசியில் வந்த ஒன்பது லோடு நனைந்து வந்தவை. அவற்றைச் சிவப்பு மையில் குறித்திருக்கிறேன். அந்த எடையில் தண்ணீரும் சேர்ந்திருக்கிறது, கழிக்காமல் கூட்டிவிடாதீர்கள். சனிக்கிழமை நாகர்கோவில் வரும்போது சீட்டுக் கட்டை நேரில் கொண்டுவருகிறேன்.